காசநோய் மருந்தும் குடல்வாழ் நுண்ணுயிரும்: ஊவாத் தோட்டங்களை முன்னிட்ட ஒரு வரலாற்று நோக்கு

என்புருக்கி, சயரோகம், காசம் எனத் தமிழ் மக்கள் பல பெயரிட்டழைத்த நோயை நெஞ்சின் நோயாகவே உலகம் பெரும்பாலும் கருதி வந்துள்ளது. இருமலும் சளியோடு கலந்து வரும் இரத்தமும் அதன் அடையாளங்களாதலின் அக்கருத்து இயல்பானதே. ஆயின் அந்நோயின் வரலாற்றை ஊன்றி நோக்குவார்க்கு, நெஞ்சோடு வயிறும் அவ்வரலாற்றில் இடையறாது இடம்பெற்று வருதல் புலனாகும். நோய் புகும் வாயிலாகவும், தடுப்பு மருந்து செல்லும் வழியாகவும், பின்னர் மாதக்கணக்கில் மருந்தின் பாரத்தைத் தாங்கும் நிலமாகவும் குடல் இருந்து வந்துள்ளது. மருந்து வயிற்றைக் கெடுக்கின்றது என நோயாளர் நெடுங்காலமாக முறையிட்டு வந்தனர். அம்முறையீடு அறியாமையின்பாற் பட்டதென ஒதுக்கப்பட்டமையே பெரும்பான்மை. அதன்கண்ணும் ஓர் உண்மை உண்டென்பதை அண்மைக்கால ஆராய்ச்சிகள் காட்டுகின்றன. பதுளை நகரையும் அதனைச் சூழ்ந்த தேயிலைத் தோட்டங்களையும் மனத்திற்கொண்டு இவ்வரலாற்றை ஆராய்தல் தகும்; நோயும் வறுமையும் தொலைவும் ஒருங்கே கூடும் இடங்களிலேயே ஒரு மருந்தின் முழு இயல்பும் வெளிப்படும்.

ஊவா 1886ஆம் ஆண்டிலே தனி மாகாணமாயிற்று. கோப்பிச் செய்கை இலைநோயால் அழிந்தபின் அதன் மலைச்சாரல்களிலே தேயிலை பரவிற்று. பசறை, லுணுகலை, மடுல்சீமை, அப்புத்தளை, பண்டாரவளை முதலிய பகுதிகளிலே தென்னிந்தியாவிலிருந்து வந்த தொழிலாளர் குடியேற்றப்பட்டனர். புகைவண்டிப் பாதை 1924இல் பதுளையை எட்டியது. இம்மலைகளின் குளிர்ந்த காற்றைத் தேடிக் கொழும்புச் செல்வர் ஓய்வுக்கு வருதல் வழக்கமாயிற்று. இங்கே ஒரு முரண்பாடு கருதற்பாலது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் ஐரோப்பிய வைத்தியர் காசநோய்க்கு மலைக்காற்றையே சிறந்த மருந்தெனக் கொண்டனர். சுவிற்சர்லாந்தின் டாவோஸ் போன்ற மலையூர்கள் அதனாலேயே புகழ்பெற்றன. அத்தகைய காற்றை ஊவாத் தோட்டத் தொழிலாளர் நாள்தோறும் செலவின்றிச் சுவாசித்தனர். எனினும் நோய் அவர்களை விட்டகலவில்லை. காரணம் வெளிக்காற்றில் இல்லை, லயத்தினுள் இருந்தது. ஏறத்தாழ 10 அடிக்கு 12 அடி கொண்ட ஒற்றையறையிலே குடும்பம் முழுவதும் உறங்கும். குளிருக்கஞ்சிக் கதவடைக்கப்படும். விறகடுப்பின் புகை வெளியேற வழியிராது. அவ்வறையில் ஒருவர் இருமினால் அக்கிருமியை அனைவரும் பகிர்ந்துகொள்ளல் வேண்டும். செல்வர்க்கு மருந்தாகிய மலை, வறியோர்க்கு மருந்தாகவில்லை.

தோட்ட வைத்தியத்தின் தொடக்க வரலாற்றில் நெஞ்சினும் வயிறே முதலிடம் பெற்றதென்பதும் ஈண்டு நினைவுகூரத் தக்கது. 1912ஆம் ஆண்டின் மருத்துவத் தேவைகள் சட்டம் தோட்டங்களின் வைத்திய வசதியை ஒழுங்குசெய்ய முற்பட்டது. அக்காலத்தே தொழிலாளரைப் பெரிதும் வாட்டியவை வயிற்றுளைவும் பேதியும் கொழுக்கிப்புழுவுமே. அமெரிக்காவின் றொக்பெல்லர் நிறுவனத்தார் 1916இல் இலங்கையிற் கொழுக்கிப்புழு ஒழிப்பு வேலையைத் தொடங்கினர். செனொப்போடியம் எண்ணெயும் பேதிமருந்தும் கொடுக்கப்பட்டன. புழு விழுந்தது, ஆயினும் மலகூடமில்லாத் தோட்டங்களில் வெறுங்காலோடு மண்ணை மிதித்தோர்க்குப் புழு மீண்டும் ஏறியது. குடலுக்கு மருந்திட்டு, குடல் வாழும் சூழலை மறந்தமையின் விளைவை அன்றே அறிந்திருக்கலாம். அப்பாடம் காசநோய் மருந்திற்கும் பொருந்துமென்பதை உலகம் கற்றுக்கொள்ள நூறாண்டு சென்றது.

காசநோய்க் கிருமியை 1882ஆம் ஆண்டு மார்ச் மாதம் 24ஆம் நாள் பேர்லின் நகரிலே றொபேட் கொக் என்பார் அறிவித்தார். அதன்பின் எழுந்த முதற் பெரும் வாதமே குடலைப் பற்றியது. மாட்டின் காசநோய் பால் வழியாக மனிதரை அடையுமா என்பது அவ்வாதம். மனிதர்க்கு அதனால் ஊறில்லையெனக் கொக் 1901இல் இலண்டன் மாநாட்டிலே கூறினார். பிரித்தானிய அரச ஆணைக்குழு பத்தாண்டு ஆராய்ந்து 1911இல் அவர் கூற்று தவறென நிறுவிற்று. காய்ச்சாத பாலைக் குடித்த சிறாரின் குடலிலும் கழுத்துக் கணுக்களிலும் நோய் வேர்கொண்டிருந்தது. பேராசிரியராயினும் பிழைபடக் கூடுமென்பதற்கு இது தக்க சான்று. பாலைப் பொங்கக் காய்ச்சிக் குடிக்கும் நம்மவர் வழக்கம் இத்தீங்கினின்று பலரைக் காத்திருத்தல் கூடும். ஆயினும் நெஞ்சில் நோயுள்ளவர் தம் சளியை விழுங்குவதாற் சிறுகுடலும் பெருங்குடலும் கூடுமிடத்திலே புண் உண்டாதல் எங்கும் காணப்பட்ட ஒன்று.

தடுப்பு மருந்தின் கதையும் வாய்வழியே தொடங்கிற்று. பிரான்சிலே கல்மெற், கெறான் என்னும் இருவர் 1908 முதல் 1921 வரை பித்தநீரில் அவித்த உருளைக்கிழங்கின்மீது மாட்டுக் கிருமியை 230 தடவை மாற்றி வளர்த்து வலுவிழக்கச் செய்தனர். அவர்தம் பெயராலேயே அது பி.சி.ஜி. எனப்பட்டது. 1921இல் அது முதன்முதலாக ஒரு குழந்தைக்கு வாய்வழியாகவே ஊட்டப்பட்டது. 1930இல் ஜேர்மனியின் லூபெக் நகரிலே கொடிய கிருமி கலந்த மருந்து ஊட்டப்பட்டு எழுபதுக்கு மேற்பட்ட குழந்தைகள் இறந்தனர். பின்னர் ஊசிவழியே செலுத்தும் முறை பரவிற்று. குடலின் பங்கும் மறக்கப்பட்டது.

மருந்துகளின் காலம் 1943ஆம் ஆண்டு ஒக்ரோபரிலே தொடங்குகின்றது. அமெரிக்காவின் றட்கேஸ் நகரன்று, அப்பெயருடைய பல்கலைக்கழகத்திலே, வாக்ஸ்மனின் மாணவராகிய ஷற்ஸ் என்பார் மண்ணில் வாழும் நுண்ணுயிரொன்றிலிருந்து ஸ்ரெப்ரோமைசினைப் பிரித்தெடுத்தார். (நோபெற் பரிசு 1952இல் ஆசிரியர்க்கு மட்டுமே அளிக்கப்பட்டது. மாணவர் விடுபட்டமை ஆசிரிய உலகிற்குப் பெருமை தருவதன்று.) சுவீடன் நாட்டிலே லேமன் என்பார் பாஸ் என்னும் மருந்தைக் கண்டார். 1952இல் ஐசோனியசிட் வந்தது. ஒரு மருந்தைத் தனியே கொடுத்தால் கிருமி அதற்குப் பழகிவிடுதலும், இரண்டைச் சேர்த்துக் கொடுத்தால் அவ்வாறு பழகாமையும் இப்பத்தாண்டுக்குள்ளே தெளிவாயின.

பாஸ் மருந்தை உண்ணுதல் எளிதாயிருக்கவில்லை. நாளொன்றுக்கு ஏறத்தாழ 10 கிராம் உட்கொள்ளல் வேண்டும். ஒரு சிட்டிகையன்று, கைந்நிறையத் தூள். குமட்டல், வயிற்றுவலி, பேதி என்பன அதனோடு வந்தன. இவ்விடர்ப்பாடு சென்னையிலே நடந்த ஒரு பெரும் ஆராய்ச்சியில் எதிர்பாராத முக்கியத்துவம் பெற்றது.

அவ்வாராய்ச்சி சற்றே விரித்துரைக்கத் தக்கது. சென்னை நகரிலே நோயாளர் மிகப் பலர். வைத்தியசாலைக் கட்டில்கள் மிகச் சில. சேத்துப்பட்டிலே 1956ஆம் ஆண்டு காசநோய் மருந்துச் சிகிச்சை நிலையம் நிறுவப்பட்டது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம், சென்னை அரசாங்கம், உலக சுகாதார நிறுவனம், பிரித்தானிய மருத்துவ ஆராய்ச்சிச் சபை ஆகிய நான்கும் அதிற் கூட்டுச்சேர்ந்தன. வொலஸ் பொக்ஸ் என்பார் அதனை நடத்தினார். நோயாளருட் சிலரைச் சானற்றோரியத்திற் சேர்த்தும், ஏனையோரைத் தம் குடிசைகளிலேயே இருக்கவிட்டும், இருசாரார்க்கும் ஐசோனியசிட்டும் பாஸும் ஓராண்டு கொடுக்கப்பட்டன. எவர் எச்சாரார் என்பது சீட்டுக் குலுக்கியதுபோற் சார்பின்றித் தீர்மானிக்கப்பட்டது. சானற்றோரியத்தில் இருந்தோர்க்கு நல்லுணவும் ஓய்வும் கிடைத்தன. குடிசையில் இருந்தோர் குறைந்த உணவோடு வேலையும் செய்தனர். 1959இல் முடிவுகள் வெளியாயின: இருசாராரும் ஏறத்தாழ ஒரே அளவிற் குணமடைந்திருந்தனர். வீட்டில் உடனிருந்தோர்க்கும் அதனால் நோய் மிகுதியாகத் தொற்றவில்லை. நூறாண்டாக நிலவிய மலைக்காற்றுக் கொள்கை அத்தோடு வீழ்ந்ததெனலாம்.

தமிழ்நாட்டு ஏழைகளின் குடிசைகளிலே பெறப்பட்ட இம்முடிவு உலகின் வழக்கத்தையே மாற்றியது. ஊவாவிற்கு இது தந்த நன்மை சிறிதன்று. காங்கேசன்துறையிலோ கொழும்பை அடுத்த வெலிசறையிலோ உள்ள வைத்தியசாலையிற் பல மாதம் கிடத்தல் தோட்டத் தொழிலாளி ஒருவர்க்கு எத்துணைத் துன்பம் என்பதைச் சொல்ல வேண்டுவதில்லை. பெயர் செக்குறோலினின்று நீங்கும், நாட்சம்பளம் நிற்கும், மனைவி மக்கள் மலைக்கு அப்பால் நிற்பர். பதுளையிலுள்ள மார்புநோய்ச் சிகிச்சை நிலையத்திலே மருந்தைப் பெற்று லயத்திலிருந்தே உண்ணலாம் என்னும் நிலை சென்னை ஆராய்ச்சியின் வழிவந்ததே.

ஆயினும் நோயாளர் வீடு திரும்பியபோது மருந்தின் பாரமும் அவரோடே திரும்பிற்று. சானற்றோரியத்திலே வயிறு குழம்பினால் தாதி ஒருவர் அருகிருந்தார். குடிசையிலோ லயத்திலோ அவ்வாறு எவருமிலர். கொடுத்த மருந்தை நோயாளர் உண்மையில் உண்கின்றனரா என்பதைச் சென்னை ஆராய்ச்சியாளர் சிறுநீரைச் சோதித்தும், முன்னறிவித்தலின்றி வீட்டுக்குச் சென்று மருந்தை எண்ணியும் ஆராய்ந்தனர். உண்ணாது விட்டோர் இருந்தனர். அதிக அளவு ஐசோனியசிட் உண்டோருட் சிலர்க்குக் கைகால் நரம்புகள் எரிவுகண்டன. உணவுக்குறைவுடையாரிடத்தே அது மிகுதியாகத் தோன்றுதலும், பி6 உயிர்ச்சத்துக் கொடுக்க நீங்குதலும் அறியப்பட்டன. மருந்தின் வெற்றி கிருமியின்மீது மட்டும் தங்கியிருக்கவில்லை. மருந்தைத் தாங்கும் வயிற்றின்மீதும் உணவின்மீதும் தங்கியிருந்தது. பின்னர் இந்நிலையத்தாரே வாரத்திற்கு இருமுறை கண்காணிப்பின்கீழ் மருந்து கொடுக்கும் முறையையும் ஆராய்ந்தனர். இன்று உலகெங்கும் வழங்கும் நேரடிக் கண்காணிப்பு முறைக்கு அது முன்னோடியாயிற்று.

பாஸ் வழக்கொழிந்தமைக்கு றிபாம்பிசினின் வருகை ஒரு காரணமாகும். பிரான்சின் தென்கடற்கரையிலுள்ள பைன் மரக்காட்டின் மண்ணிலிருந்து 1957இல் இத்தாலியின் மிலான் நகர ஆய்வுகூடமொன்று பெற்ற நுண்ணுயிரே அதன் மூலம். 1960களின் பிற்பகுதியில் அது நோயாளர்க்குக் கிடைத்தது. ஒன்றரை ஆண்டு நீண்ட சிகிச்சை அதனாலும் பைரசினமைட்டாலும் ஆறு மாதமாகக் குறைந்தது. முதல் இரண்டு மாதம் ஐசோனியசிட், றிபாம்பிசின், பைரசினமைட், எதம்பியூற்றோல் என்னும் நான்கு. அடுத்த நான்கு மாதம் முதலிரண்டு. சிறுநீர் செம்மஞ்சளாதல் கண்டு அஞ்சிய நோயாளர் பலர். அது தீங்கற்றது. ஆயின் கண்ணுக்குத் தோன்றாத மாற்றமொன்று குடலினுள் நிகழ்ந்தது.

மனிதர் குடலிலே எண்ணிறந்த கோடி பற்றீரியாக்கள் வாழ்கின்றன. அவற்றுட் பல பகையல்ல. நாம் செரிக்கமாட்டாத நார்ப்பொருளை அவை புளிக்கச்செய்து, பியூற்றிறேற்று முதலிய சிறு கொழுப்பமிலங்களை ஆக்குகின்றன. குடற்சுவரின் உயிரணுக்களுக்கு அவையே உணவு. உடலின் நோயெதிர்ப்பாற்றலைச் சமன்செய்வதிலும் அவற்றிற்குப் பங்குண்டு. வெளியிலிருந்து புகும் கொடிய கிருமிகளுக்கு இடங்கொடாது காத்தலும் அவற்றின் தொழில். இக்காவலை முதலிற் புலப்படுத்தியதும் ஒரு காசநோய் மருந்தே என்பது வியப்புக்குரியது. சிக்காகோவிலே 1954இல் போன்ஹொவ் என்பாரும் உடனாய்வாளரும் சுண்டெலிகளுக்கு வாய்வழியாக ஸ்ரெப்ரோமைசின் கொடுத்தனர். ஏறத்தாழ ஓரிலட்சம் சல்மொனெல்லாக் கிருமிகள் புகுந்தாலன்றி நோயுறாத சுண்டெலிகள், அம்மருந்தின்பின் பத்துக்கும் குறைந்த கிருமிகளாலேயே நோயுற்றன. காவலர் இறந்துபட்ட கோட்டையிற் பகைவர் ஒருசிலரே போதுமன்றோ! நோயாளர்க்கு ஸ்ரெப்ரோமைசின் ஊசியாகவே ஏற்றப்பட்டமையின் அவர் குடலை அது அவ்வளவாகத் தாக்கவில்லை. அதனாற் போலும், இவ்வாராய்ச்சி காசநோய் வைத்தியரின் கருத்தை நெடுங்காலம் ஈர்க்கவில்லை.

மாத்திரைகளின் நிலை வேறு. ஐசோனியசிட்டும் பைரசினமைட்டும் பெரும்பாலும் காசக்கிருமியின் இனத்தையே தாக்குவன. றிபாம்பிசின் அத்தகையதன்று; பல்வகைப் பற்றீரியாக்களின் அடிப்படைத் தொழிலையே நிறுத்தவல்லது. அன்றியும், அது ஈரலிலிருந்து பித்தநீர் வழியாக மீண்டும் குடலுக்கு வந்து மறுபடியும் உறிஞ்சப்படுகின்றது. ஆகவே ஆறு மாதம் நாள்தோறும் குடல் அம்மருந்திலே தோய்ந்திருக்கும். 2017ஆம் ஆண்டில் இரு ஆராய்ச்சிகள் இதனை வெளிக்கொணர்ந்தன. அமெரிக்கத் தேசிய சுகாதார நிறுவனத்தார் சுண்டெலிகளிலே ஆராய்ந்து, மருந்து தொடங்கியவுடனே குடல்வாழ் கூட்டம் மாறுதலையும், மருந்து நிறுத்திய பின்னும் அம்மாற்றம் நீடித்தலையும், அதற்குத் தலையாய காரணம் றிபாம்பிசினாதலையும் கண்டனர். நியூயோர்க்கைச் சேர்ந்தோரும் ஹெயிற்றி நாட்டாரும் கூடி மனிதரிடத்தே செய்த ஆராய்ச்சியில், குளொஸ்றிடியா இனங்கள் பல குறைதலும், சிகிச்சை முடிந்து ஓராண்டுக்கு மேலும் குடல் பழைய நிலையை எய்தாமையும் தெரிந்தன. இனங்களின் மொத்தத் தொகை பெரிதும் குறையவில்லை. யார் மிகுதி, யார் குறைவு என்னும் ஒழுங்கே குலைந்திருந்தது. கிராமத்தின் குடித்தொகை அவ்வாறேயிருக்க, உழவர் குறைந்து வேறு தொழிலார் பெருகியது போன்றதோர் நிலை.

நோய் தானே குடலை மாற்றுமா என்பது பிறிதொரு வினா. இந்திய நோயாளர் சிலரையும் அவர்தம் வீட்டிலுள்ள நலமுடையோரையும் ஒப்பிட்டு 2018இல் வெளியான ஆராய்ச்சி, மருந்து தொடங்குமுன்னரே நோயாளரின் குடற்கூட்டம் வேறுபட்டிருந்தமையைக் கண்டது. அவரிடத்தே பியூற்றிறேற்று ஆக்கும் இனங்கள் மிகுந்திருந்தன. நன்மைசெய்யும் இனமாயினும் அளவு மிஞ்சினால் நோயெதிர்ப்பை மந்தமாக்கலாம் என்பது அவ்வாய்வாளர் கருத்து. ஆராயப்பட்டோர் மிகச் சிலரே. ஆதலின் அம்முடிவை எச்சரிக்கையோடு கொள்ளல் வேண்டும். சண்டிகரிலே 2016இற் செய்த சோதனையோ எதிர்த்திசையிற் சென்றது: குடல்வாழ் பற்றீரியாக்களை மருந்தால் அழித்த சுண்டெலிகளின் நுரையீரலிலே காசக்கிருமி மிகுதியாகப் பெருகிற்று, குடற்கூட்டத்தை மீட்டுக்கொடுத்தபோது அக்குறை நீங்கிற்று. நெஞ்சும் குடலும் ஒன்றோடொன்று பேசுகின்றன என்பதை இவை காட்டுகின்றன. அப்பேச்சின் மொழி இன்னும் முற்றாகப் படிக்கப்படவில்லை.

இவற்றைக் கேட்டு மருந்தை நிறுத்துதல் பெரும் பேதைமை. மருந்துகள் வருமுன் சளியிற் கிருமி காணப்பட்டோருள் நூற்றுக்கு 70 பேர் வரையிற் பத்தாண்டுக்குள் இறந்தனர். நடுவிலே மருந்தை விட்டோரிடத்துக் கிருமி மருந்துக்குப் பழகிவிடின், பின் வரும் சிகிச்சை முன்னையதினும் நீண்டது, கடியது. தயிரும் பழஞ்சோறும் உண்டால் எல்லாம் சரியாகுமெனப் பேசுவோரும் உளர். அவை நல்லுணவே, ஆயினும் காசமருந்தாற் குலைந்த குடலை அவை மீட்கும் என்பதற்குச் சான்று போதாது. மறுபுறம், வயிற்றுத் துன்பத்தைச் சொல்லும் நோயாளியைச் சாக்குச் சொல்பவராக நினைத்துக் கடிந்து அனுப்புதலும் அறிவுடைமையன்று. மலையிறங்கிப் பேருந்தில் வந்து, ஒருநாட் சம்பளத்தை இழந்து நிற்பவர் சொல்லும் சொல் அது. அதனைக் கேளாதவிடத்து அடுத்த மாதம் அவர் வராதொழிதல் கூடும்.

உணவைப் பற்றிய பழைய முடிவும் இப்பொழுது மறுபரிசீலனைக்கு உள்ளாகியுள்ளது. நல்லுணவின்றியும் மருந்து குணப்படுத்தும் எனச் சென்னை காட்டியது உண்மையே. அதனை நல்லுணவே வேண்டாம் எனச் சிலர் பொருள்கொண்டமை பிழை. இந்தியாவின் ஜார்க்கண்ட் மாநிலத்திலே நோயாளர் குடும்பங்களுக்கு மாதந்தோறும் அரிசியும் பருப்பும் முதலிய உணவுப்பொருள் கொடுத்துச் செய்த ஆராய்ச்சி 2023இல் வெளியாயிற்று. உணவு பெற்ற குடும்பத்தினரிடையே புதிதாக நோய் தோன்றுதல் நூற்றுக்கு ஏறத்தாழ 40 குறைந்தது. இச்செய்தி மலைநாட்டிற்கு நேரே உரியது. இலங்கையில் 2016ஆம் ஆண்டுக் குடித்தொகை சுகாதார மதிப்பீட்டின்படி, ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகளுள் வயதுக்கேற்ற உயரமில்லாதோர் நாடு முழுவதும் நூற்றுக்கு 17, தோட்டப்புறத்திலோ 32. திருவள்ளுவர் மருந்து என்னும் அதிகாரத்திலே மருந்தொன்றின் பெயரையும் கூறாது, உணவின் அளவையும் செரித்தலையுமே பெரிதும் பேசியமை ஈண்டு எண்ணத்தக்கது.

நடைமுறையில் எழும் சிக்கல் சிறியதாகவே தோன்றும். றிபாம்பிசின் வெறுவயிற்றில் நன்கு உறிஞ்சப்படுமாதலின் காலையில் உணவுக்கு முன் உண்ணுமாறு வைத்தியர் கூறுவர். தோட்டத்திலே விடியற்பொழுதிற் பிரட்டுக்குச் செல்ல வேண்டும். சாயத்தண்ணீரை மட்டும் குடித்து, மாத்திரைகளை விழுங்கி, கொழுந்துக்கூடையோடு செங்குத்தான மலையேறும் பெண்ணொருத்திக்குக் குமட்டல் வந்தால், அவள் விட்டுவிடக்கூடியது மலையன்று, மாத்திரையே. அத்தகையோர் சிறிதளவு உணவோடு மாத்திரையை உண்ணலாம் என்றும், உறிஞ்சுதல் சற்றுக் குறையினும் மருந்தை அறவே விடுவதிலும் அது மேல் என்றும் சிகிச்சை விதிகளே கூறுகின்றன. அவ்விதியை அவளிடம் எடுத்துரைக்கும் ஒருவரும், லயத்தில் அவ்வேளைக்கு ஒரு ரொட்டியும் இருத்தல் வேண்டும்.